ஒரே கால்பந்து மைதானம், மூன்று லைப்ரரி: மேட்பிளாட்லிப், பிளாட்லி, போக்கே எங்கெங்கே காலை வாரும்?

பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போட எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பார் சார்ட்டும் லைன் சார்ட்டும் மட்டும் போடுகிறவர்களுக்கு எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாமே ஒரு உருவத்தை வரைந்து, அதன்மேல் மவுஸை வைத்தால் அது பதில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் மேட்பிளாட்லிப், பிளாட்லி, போக்கே மூன்றும் மூன்று திசையில் போகின்றன.

இதைச் சோதிக்கக் கால்பந்து மைதானம் வசதியான உதாரணம். நேர்கோடு, முழு வட்டம், பாதியில் வெட்டுப்பட்ட வில் எல்லாம் அதில் இருக்கின்றன. அளவுகளுக்கும் அலைய வேண்டாம். பெரிய போட்டிகளில் வழக்கமாக 105க்கு 68 மீட்டர். பெனால்டி ஏரியா 16.5 மீட்டர் ஆழம், 40.32 மீட்டர் அகலம். நடு வட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். இந்த மைதானத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை ஷாட் அடிக்கப்பட்டது என்று மவுஸை வைத்தால் காட்ட வேண்டும். வேலை இவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். நாம் வரையும் உருவத்துக்கு ஒவ்வொரு லைப்ரரியும் ஒவ்வொரு இடம் கொடுக்கிறது. மேட்பிளாட்லிப்பில் அது பேட்ச்: ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு ஆப்ஜெக்ட். பிளாட்லியில் ஷேப் என்பது லேஅவுட்டைச் சேர்ந்தது; தலைப்பு, மார்ஜின் மாதிரி அதுவும் ஒரு அலங்காரம், டேட்டா அல்ல. போக்கேயில் அது கிளிஃப், அதாவது டேட்டா டேபிளில் ஒரு வரிசை. கீழே வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான்.

வில் வளைய மறுக்கும்போது

பெனால்டி ஏரியாவுக்கு வெளியே தலைகாட்டும் சின்ன வில்லை எடுத்துக்கொள்வோம். பெனால்டி புள்ளியை மையமாக வைத்து 9.15 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், ஏரியாவின் கோட்டைத் தாண்டும் பகுதி மட்டும் வேண்டும். புள்ளிக்கும் கோட்டுக்கும் இடைவெளி 5.5 மீட்டர். 5.5ஐ 9.15ஆல் வகுத்துத் தலைகீழ் கொசைன் எடுத்தால் ஏறக்குறைய 53 டிகிரி. ஆக, மைனஸ் 53 முதல் பிளஸ் 53 வரை.

மேட்பிளாட்லிப்பில் ஆர்க் என்றே ஒரு பேட்ச் உண்டு. கோணத்தை டிகிரியில் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆரத்தைக் கேட்காது. முழு அகலத்தையும் முழு உயரத்தையும் கேட்கும். 9.15 என்று கொடுத்தால் எர்ரர் எதுவும் வராது. வில்லின் ஆரம் 4.575 மீட்டராகிவிடும். 5.5 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டை அது தொடக்கூட முடியாமல் பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். 18.3 கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இதே லைப்ரரியில் சர்க்கிளும் வெட்ஜும் ஆரத்தைத்தான் கேட்கின்றன. போதாக்குறைக்கு ஆர்க்குக்கு நிறம் நிரப்ப முடியாது. நிரப்பிய துண்டு வேண்டுமென்றால் வெட்ஜுக்குப் போக வேண்டும்.

போக்கேயின் ஆர்க் ஆரத்தையே கேட்கிறது. அந்த வகையில் நிம்மதி. ஆனால் கோணம் டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற இன்னொரு அலகில். 53 என்று எழுதினால் 53 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு எங்கோ பார்த்து நிற்கும். கோண அலகை டிகிரி என்று தனியாகச் சொல்ல வழி இருக்கிறது. சொல்ல மறப்பதுதான் வழக்கம்.

பிளாட்லியில் வில் என்று ஒரு ஷேப்பே இல்லை. கோடு, செவ்வகம், வட்டம், பாத் என்று நான்குதான். பாத் என்பது எஸ்விஜி என்ற வெக்டர் பட வடிவத்தின் எழுத்துமுறை என்பதால், இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து அந்த வரியை அப்படியே ஒட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. எஸ்விஜியில் வில்லுக்குரிய 'ஏ' கட்டளை இங்கே அனுமதி இல்லை. முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும் சின்ன எழுத்துக் கட்டளைகளும் கிடையாது. இன்க்ஸ்கேப் அதிகம் தருவதோ அவற்றைத்தான். வளைவுக்கான ஒரே 'சி' கட்டளைக்குப் பின்னால் பல வளைவுகளை வரிசையாக அடுக்குவதும் செல்லாது, ஒவ்வொரு வளைவுக்கும் எழுத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

என் கட்சி எளிது: மூன்றிலும் வில் என்பதையே மறந்துவிடுங்கள். மையம், ஆரம், தொடக்கக் கோணம், முடிவுக் கோணம் கொடுத்தால் 60 புள்ளிகளைத் திருப்பித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனை நம்பை என்ற கணக்கு லைப்ரரியில் எழுதி வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிகள் மூன்று லைப்ரரிக்கும் பொருந்தும். கண்ணுக்கு அது வளைவாகத்தான் தெரியும். பிறகு லைப்ரரி மாறினாலும் கணக்கு மாறாது.

மேட்பிளாட்லிப்பின் பாத்தைக் கட்டாயம் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், புள்ளிகளின் எண்ணிக்கையும் கட்டளைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். கர்வ்4 என்ற வளைவுக் கட்டளை மூன்று புள்ளிகளை விழுங்கும், ஆகவே அந்தக் கட்டளையை மூன்று முறை எழுத வேண்டும். மூடும் கட்டளைக்கும் ஒரு புள்ளி தேவை. அதன் மதிப்பு கண்டுகொள்ளப்படாது, ஆனால் இடம் இருக்க வேண்டும். அந்தப் பாத்தையே மார்க்கராக, அதாவது டேட்டா புள்ளியைக் காட்டும் குறியாகப் போடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. உருவம் சைஸுக்கு ஏற்பச் சுருக்கப்படுமே தவிர, நடுவுக்கு நகர்த்தப்படாது. பூஜ்யம், பூஜ்யம் எங்கே இருக்கிறதோ அதுதான் டேட்டா புள்ளியில் உட்காரும். மூலையிலிருந்து வரையப்பட்ட பந்து உருவம் ஷாட் அடித்த இடத்தை விட்டு வலப்பக்கம் மேலே ஒதுங்கி நிற்பது இதனால்தான்.

வட்டம் முட்டையாவதும் உருவம் காணாமல் போவதும்

நடு வட்டம் முட்டையாக வந்தால் மேட்பிளாட்லிப்பில் செட்_ஆஸ்பெக்ட் 'ஈக்வல்', பிளாட்லியில் ஒய் அச்சுக்கு ஸ்கேல்ஆங்கர் 'எக்ஸ்'. முடிந்தது. இந்த இரண்டிலும் அச்சு விகிதம் கெட்டால் எல்லாமே சேர்ந்து கெடும் என்பதால் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

போக்கேயில் கோளாறு மறைந்து வரும். அங்கே வட்டம் எப்போதும் திரையில் வட்டமாகவே இருக்கும். ஆரத்தை இயல்பாக எக்ஸ் அச்சை வைத்து அளந்துகொள்ளும். மைதானக் கோடுகள் நீண்டுவிட, வட்டம் மட்டும் அழகாக இருக்கும். பெனால்டி வில்லும் ஏரியாக் கோடும் சேர வேண்டிய இடத்தில் சேராமல் இடைவெளி விட்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மேட்ச்_ஆஸ்பெக்ட் போட்டும் சரியாகவில்லையா? அச்சு எல்லையை நீங்களே கைப்பட நிர்ணயித்திருப்பீர்கள். எல்லையைப் போக்கே தானாகக் கணக்கிடும்போதுதான் அந்த அமைப்பு வேலை செய்யும்.

உருவமே காணோம் என்பது மேட்பிளாட்லிப்பின் நிரந்தரப் புகார். ஆட்_பேட்ச் அழைத்தால் உருவம் சேர்ந்துவிடும், ஆனால் பார்வை எல்லை தானாக விரியாது. 105 மீட்டர் மைதானத்தை வரைந்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரையுள்ள மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். ஆட்டோஸ்கேல்_வியூ ஒரு வரி போதும். பிளாட்லியில் இதற்கு இணையானது ஆட்_விலைன், ஆட்_ஹெச்லைன்: சப்பிளாட் (ஒரே படத்துக்குள் இருக்கும் துணைப்படம்) காலியாக இருந்தால் அதில் கோடு விழாது. காலி சப்பிளாட்டைத் தவிர்ப்பதுதான் இயல்பு அமைப்பு. எக்ஸ்க்ளூட்_எம்ப்டி_சப்பிளாட்ஸை 'ஃபால்ஸ்' ஆக்கினால் சரி.

பிளாட்லியின் லாக் அச்சைப் பற்றி ஒரு வரி, மைதானத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆயிரம் என்ற இடத்தில் அச்சின் ரேஞ்ச் முடிய வேண்டுமானால், ஆயிரம் பத்தின் மூன்றாம் அடுக்கு என்பதால், 3 என்று எழுத வேண்டும். அனொட்டேஷன் (குறிப்பு எழுத்து) வைக்கவும் 3. அதே இடத்தில் ஷேப் போட 1000. ஒரே லைப்ரரி, ஒரே அச்சு! தேதி அச்சில் பாத் எழுதினால் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே அடிக்கோடு போட வேண்டும். இடைவெளி விட்டால் கட்டளை என்று குழம்பிவிடும்.

மவுஸை வைத்தால் பேசுமா?

இங்கேதான் தேர்வு முடிவாகிறது.

பிளாட்லியில் மண்டலங்களை ஷேப்பாகப் போட்டுவிட்டு ஹோவர் (மவுஸை வைத்தால் வரும் தகவல்) வரவில்லையே என்று தவிப்பவர்கள் ஏராளம். ஷேப் டேட்டா இல்லை என்பதால் டேட்டா புள்ளிகளுக்கு வரும் ஹோவர் பெட்டி அதற்கு வராது. மண்டலத்தை ஸ்கேட்டர் டிரேஸாக (டேட்டாவை வரையும் தொடராக) வரைந்து, ஃபில்லை 'டுசெல்ஃப்' என்றும் ஹோவர்ஆனை 'ஃபில்ஸ்' என்றும் வைக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு தடை: நிரப்பிய பகுதியில் மவுஸ் நிற்கும்போது ஹோவர்டெம்ப்ளேட் கண்டுகொள்ளப்படாது. காட்ட வேண்டியதை டெக்ஸ்ட்டில் ஒரே சரமாகக் கொடுக்க வேண்டும். எல்லா மண்டலங்களையும் 'நன்' என்ற வெற்று மதிப்பைப் போட்டுப் பிரித்து ஒரே டிரேஸில் திணித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே லேபிள்தான். மண்டலத்துக்கு ஒரு டிரேஸ் என்று வைத்தால் வேலை முடியும். 18 மண்டலத்துக்கு அது சுமை இல்லை. நூற்றுக்கணக்கில் போனால் யோசிக்க வேண்டும். ஹோவர் தேவையில்லாத கோடுகளை ஷேப்பாகவே விடலாம். ஆனால் ஆட்_ஷேப்பை லூப்பில் ஓட்டாமல், லிஸ்ட்டாகச் சேர்த்து ஒரே தடவையில் லேஅவுட்டுக்குக் கொடுங்கள். வேகம் நன்றாகவே தெரியும்.

இந்த ஒரு விஷயத்தில் போக்கே மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பேட்சஸ் கிளிஃபுக்கு ஒரு காலம்டேட்டாசோர்ஸ் (டேட்டா டேபிள்), அதில் மண்டலத்துக்கு ஒரு வரிசை: எக்ஸ் பட்டியல், ஒய் பட்டியல், பெயர், ஷாட் எண்ணிக்கை. ஹோவர்டூலில் எந்த நெடுவரிசையைக் காட்ட வேண்டும் என்று சொன்னால் போதும். மூன்று கேள்விக்குறி தெரிந்தால் நெடுவரிசையின் பெயர் பிசகியிருக்கிறது. பெயரில் இடைவெளி இருந்தால் நெளிவு அடைப்புக்குள் போட வேண்டும். டேப்டூலைச் சேர்த்து ஒரு மண்டலத்தைத் தட்டியதும் மற்றதெல்லாம் மங்கிப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கோளாறு இல்லை. தேர்வாகாதவற்றுக்கு இயல்பாகவே அப்படி ஒரு தோற்றம் வைத்திருக்கிறார்கள், நான்செலக்‌ஷன் ஆல்ஃபாவில் மாற்றலாம். ஓட்டை உள்ள உருவம் மட்டும் பேட்சஸில் வராது. அதற்கு மல்டி_பாலிகன்ஸ், லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டாக நான்கு அடுக்கு. பிளாட்லியின் பாத்தில் உள்வட்டத்தை எழுதினாலே ஓட்டை விழும். மேட்பிளாட்லிப்பில் உள்வட்டப் புள்ளிகளை எதிர்த் திசையில் அடுக்க வேண்டும்.

மேட்பிளாட்லிப்பில் ஹோவர் என்பது நாமே சமைத்துச் சாப்பிடும் விவகாரம். மவுஸ் அசையும் நிகழ்வை எம்பிஎல்_கனெக்ட்டில் பிடித்து, ஒவ்வொரு பேட்ச்சிடமும் 'கன்டெயின்ஸ்' கேட்டு, லேபிளை மாற்றி, டிரா_ஐடில் அழைக்க வேண்டும். எழுதிய பிறகும் ஒன்றுமே நடக்காமல் போகலாம், எர்ரரும் இல்லாமல். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த லைப்ரரி கால்பேக்குகளை (நிகழ்வு நடந்ததும் ஓட நாம் கொடுக்கும் ஃபங்ஷன்களை) இறுகப் பிடித்து வைப்பதில்லை. ஃபங்ஷனுக்குள் உருவாக்கிய ஆப்ஜெக்டின் மெத்தடைக் கொடுத்துவிட்டு ஃபங்ஷன் முடிந்தால், பைத்தான் அந்த ஆப்ஜெக்டைத் துடைத்துவிடும், கால்பேக்கும் போய்விடும். ஸ்லைடர், பட்டன், ஃபங்க்அனிமேஷன் எல்லாவற்றுக்கும் இதே விதி. வெளியே வாழும் ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள்.

இதைக் குறை என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. நரம்பியல் ஆராய்ச்சியில் இருந்த ஜான் ஹன்டர் 2003இல் வெளியிட்ட லைப்ரரி இது. பிரவுசரில் எல்லாம் ஓடும் என்ற எதிர்பார்ப்பு அப்போது இல்லை. ஆய்வுக் கட்டுரைக்கோ அச்சுக்கோ மைதானம் வரைய வேண்டுமென்றால் இன்றும் நான் இதைத்தான் எடுப்பேன். மவுஸ் பதில் சொல்ல வேண்டும், ஆனால் புள்ளிகள்தான் முக்கியம், மண்டலம் பின்னணிதான் என்றால் பிளாட்லி. மண்டலத்தையே தட்ட வேண்டும், இழுக்க வேண்டும், தேர்வு செய்ய வேண்டும் என்றால் போக்கே.

படமே வரவில்லை

ஜுபிட்டர் என்ற நோட்புக் சூழலில் மேட்பிளாட்லிப் இயல்பாகக் கொடுப்பது அசையாத படம். பழைய பாடங்களைப் பார்த்து 'நோட்புக்' என்ற மேஜிக்கை (நோட்புக்கின் சிறப்புக் கட்டளையை) போட்டால் ஜுபிட்டர்லேபில் ஐபைத்தான் டிஃபைன் ஆகவில்லை என்ற ஜாவாஸ்கிரிப்ட் எர்ரர்தான் வரும். 2023இல் வந்த நோட்புக் 7 ஜுபிட்டர்லேபின் அடித்தளத்தில் கட்டப்பட்டது என்பதால் அங்கேயும் அதே கதி. ஐபிஐஎம்பிஎல் நிறுவி 'விட்ஜெட்' என்று மாற்ற வேண்டும். சர்வரில் ஓட்டும்போது ஆக் என்ற பெயருடன் எச்சரிக்கை வந்தால், அங்கே ஜன்னல் திறக்க வழியில்லை, கோப்பாகச் சேமியுங்கள் என்று பொருள்.

பிளாட்லியில் காலிப் பெட்டி தெரிந்தால் முதலில் ரெண்டரரை (படத்தை எங்கே காட்டுவது என்ற அமைப்பை) 'பிரவுசர்' என்று மாற்றிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் குற்றவாளி நோட்புக் சூழல், உங்கள் புரோகிராம் அல்ல. ஆன்_கிளிக் வேலை செய்ய ஃபிகர்விட்ஜெட் வேண்டும். அதையும் ஷோ() அழைத்துக் காட்டினால் கிளிக் செத்துவிடும். செல்லின் கடைசி வரியில் பெயரை மட்டும் எழுதி விடுங்கள். பதிப்பு 6 முதல் இதற்கு எனிவிட்ஜெட் பேக்கேஜும் தேவை.

எச்டிஎம்எல் கோப்பாக அடுத்தவருக்கு அனுப்பும்போது இன்னொரு கூத்து. பைத்தானில் எழுதிய கால்பேக் எதுவும் அந்தக் கோப்போடு சேர்ந்து வராது. போக்கே இதை முகத்துக்கு நேரே எச்சரித்தே சொல்லிவிடும்; கஸ்டம்ஜேஎஸ்ஸில் திருப்பி எழுதலாம், அல்லது போக்கே சர்வரை ஓட்டலாம். பிளாட்லி தன் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுவதால் ஒரு சின்ன மைதானமும் 3 எம்பியைத் தாண்டும். 'சிடிஎன்' (ஜாவாஸ்கிரிப்டை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வழி) என்று கேட்டால் இளைத்துவிடும், ஆனால் திறக்க இன்டர்நெட் வேண்டும். போக்கேயின் கோப்பு இயல்பிலேயே சிடிஎன்னை நம்பி இருப்பது, ஆகவே நெட் இல்லாத இடத்தில் வெள்ளைப் பக்கம்தான். ரிசோர்ஸஸை 'இன்லைன்' ஆக்கிச் சேமித்து, அனுப்பும் முன் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு தடவை திறந்து பாருங்கள்.