கூடல்வாய் ஒழுக்குக்கு ரப்பர் ஷீட்: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒட்டிக் கட்டியவை. இரண்டு ஓட்டுக் கூரையும் சரிந்து வந்து சேரும் பள்ளத்தில், அதாவது கூடல்வாயில், தகரம் போட்டிருந்தது. நான்கு வருடமாக அங்கேதான் ஒழுக்கு. மழை விட்டு அரை மணி நேரமானாலும் உள்ளறைச் சுவரோரம் சொட்டிக்கொண்டே இருக்கும். இப்போது இபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர் ஷீட் போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுவர் காய்ந்தே இருக்கிறது. இதற்கு முன் போட்டுப் பார்த்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சிலிகான். தகரம் தகரத்தோடு சேரும் இடத்தில் பிதுக்கி விட்டேன். ஒரு மழை தாங்கியது. நல்ல வெயில் அடித்த பிறகு ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தால், நாடா மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கத் துருத்தூள். துருவின் மேல் ஒட்டினால் துருவோடுதான் கழன்று வரும். பழைய சிலிகான் மேல் வேறு எந்தப் பூச்சும் பிடிக்காது என்பதால் அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு பகல் போனது.

அப்புறம் வலைத்துணி வைத்து அக்ரிலிக் பூச்சு. தண்ணீர் வழிந்து ஓடும் இடத்துக்கு அது நல்ல பொருள். கூடல்வாயில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும். சருகை அள்ளியபோது அடியில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. தார் டேப் வெயிலில் இறுகி வெடித்தது. இவற்றில் தேவலை, அலுமினியத் தாள் முதுகு வைத்த பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் டேப். அவசரத்துக்கு இன்றும் ஒரு சுருள் வீட்டில் வைத்திருக்கிறேன்.

உண்மையான கோளாறு ஓட்டையில் இல்லை. தகரத்தின் ஒரு விளிம்பு எங்கள் மரச்சட்டத்திலும், மறு விளிம்பு அவர்கள் சட்டத்திலும் ஆணியடித்து இருந்தது. இரண்டு வீடும் தனித்தனியாக அசைபவை. நடுவில் இறுக்கிப் பிடித்த எதுவும் ஏதோ ஓரிடத்தில் பிய்ந்துதான் ஆக வேண்டும். புது அலுமினியத் தகடு போடலாமா என்றும் யோசித்தேன். 3 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதோடு, எங்கள் பக்கம் விளிம்பைச் சிமெண்டில் பதிக்க வேண்டியிருந்தது. ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், வெயிலுக்கும் அசராது. 1.5 மில்லிமீட்டர் கனத்தில், பள்ளம் முழுவதற்கும் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக வாங்கினேன். இதற்கு இரண்டு பக்கத்து ஓடுகளையும் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதும், "எடுங்க தம்பி, எங்களுக்கும் அந்தச் சுவர்தானே ஊறுது" என்றார். தகரத்தைக் கழற்றி, வழவழப்பான பலகை பரப்பி, மேலே ஷீட்டை விரித்து, இரண்டு ஓரத்தையும் ஓட்டுக்கு அடியில் ஒரு சாண் ஏற்றிவிட்டோம். வேலைக்கு வந்தவர் பள்ளத்தின் நடுவில் ஆணி வைக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஆணியெல்லாம் மேல் விளிம்பில் மட்டும்தான்.

இதிலும் குறை உண்டு. தாரும் எண்ணெயும் பட்டால் இந்த ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அதனால் பழைய தாரைத் துளி மிச்சமில்லாமல் எடுத்தாக வேண்டும். உடைந்த ஓட்டுச் சில்லு குத்தினாலும் கிழியும், செருப்போடு ஏறவே கூடாது. சுவரில் முட்டும் மூலை இன்னும் சிரமம். அங்கே கத்தரி வைக்காமல், காகிதப் பொட்டலம் மடிப்பது போல மடித்து ஏற்ற வேண்டும். முதல் மடிப்பு சரியாக அமையவில்லை, பிரித்து மறுபடி மடித்தோம்.

முடித்ததும் குழாய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழ் முனையில் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எடுத்ததும் உச்சியில் விட்டால், ஒழுகினாலும் எந்த இடம் என்று பிடிபடாது. நான் மேலே குழாயோடு நிற்க, அக்கா உள்ளே சுவரில் கை வைத்தபடி, "காய்ஞ்சுதான் இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்தார்.