எட்டில் ஐந்து தேறும்: புதைபடிவச் சிப்பிப் பெட்டி

நிலவியல் மாணவர்களுக்கென்று இணையத்தில் விற்கும் பெட்டி இது. உள்ளே எட்டு மாதிரிகள். பெயர்ச்சீட்டில் பெயரும் காலமும் உண்டு. கிடைத்த ஊரும் பாறை அடுக்கும் இல்லை. அடுக்கு தெரியாத புதைபடிவம் அலமாரிக்கு அழகு, பாடத்துக்கு அரைப் பயன்.

முதலிடம் ஜுராசிக் தொடக்கக் காலத்து கிரைஃபியா ஆர்குவாட்டா என்ற அழிந்த சிப்பிக்கு. இடது ஓடு கொக்கிபோல் வளைந்து தடித்திருக்கும், வலது ஓடு சட்டிமூடி. இரண்டும் சேர்ந்தே வருவது நல்ல விஷயம். இந்த வளைவு காலப்போக்கில் கூடிக்கொண்டே போனது என்று 1922இல் நிலவியலாளர் ட்ரூமன் சொன்னார். பிறகு இன்னொரு நிலவியலாளர் ஹாலம் அளந்து பார்த்தபோது ஓடு பெரிதாகி வளைவு குறைந்ததாகத் தெரிந்தது. அதைச் சரிபார்க்க அடுக்குக்கு அடுக்கு பல மாதிரிகள் வேண்டும், ஒன்று போதாது.

அடுத்த சிப்பியான இனோசெராமஸ் உடைந்த துண்டுதான், ஆனாலும் தள்ளாதீர்கள். உடைந்த விளிம்பை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் கால்சைட் (ஓட்டிலுள்ள சுண்ணாம்புக் கனிமம்) பட்டகங்கள் குச்சி குச்சியாக நிற்பது தெரியும். கொம்பு வடிவச் சிப்பியான ஹிப்பூரைட்டஸின் மெருகிட்ட குறுக்குவெட்டும் அருமை: சுவர் உள்நோக்கி மடிந்த மூன்று இடங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

ட்ரைகோனியா என்ற சிப்பி வெறும் உள்ளச்சு, அதாவது ஓட்டின் உள்ளே நிறைந்த சேறு கல்லான வார்ப்பு. அராகனைட் என்ற எளிதில் கரையும் கனிமத்தாலான ஓடு கரைந்துபோனதால் வெளிவரிகள் இல்லை. சீட்டிலோ இனப்பெயர் வரை எழுதியிருக்கிறார்கள்! அதை நம்ப வேண்டாம். மாவு தூவிய களிமண்ணை இரு ஓடுகளும் இணையும் கீல் பக்கம் அழுத்தி எடுங்கள், கீல் பற்களின் வடிவம் அதில் விழும். வகைப்பாட்டுக்கு அதுதான் முக்கியம்.

சீட்டில் கிரெட்டேசியஸ் காலத்து (ஜுராசிக்குக்கு அடுத்தது) 'கிரைஃபியா' என்றிருப்பது உண்மையில் பிக்னோடான்டே என்ற வேறு சிப்பி. ஓட்டின் வெட்டுமுகத்தில் நுரைபோன்ற சிற்றறைகள் காட்டிக்கொடுக்கும். அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லிலும் இதே பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டை மாற்றினால் மாதிரி தேறும்.

விசிறிச் சிப்பியான பெக்டன் இரண்டும் சாதாரணம். எட்டாவது சிப்பியே அல்ல, பிராக்கியோபாட் (சிப்பிபோல் இரு ஓடு கொண்ட வேறு கடலுயிரி). ஒவ்வொரு ஓட்டையும் நடுவில் இடவலமாகப் பிரித்தால் சம பாதிகள் கிடைக்கின்றன, ஓட்டின் கூர்ந்த அலகில் காம்பு வெளிவரும் துளையும் இருக்கிறது. இருவோட்டுச் சிப்பியில் சமச்சீர்த் தளம் பொதுவாக இரு ஓடுகளுக்கும் இடையில்தான் போகும் (கிரைஃபியா அதற்கு விலக்கு).

கூடவே வரும் துப்புரவுக் குறிப்பு வினிகர் போடச் சொல்கிறது. போட்டால் கால்சைட் கரையும், முதலில் போவது நுண்வரிகள்தான். தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும்.