தூரமா, துடிப்பா: ஓட்டக் கடிகாரம் எதில் அதிகம் தவறுகிறது?

மாரத்தான் முடிந்ததும் இறுதிக் கோட்டுக்கு அப்பால் தவறாமல் கேட்கும் முறையீடு இது: "தடத்தை நீளமாகப் போட்டுவிட்டார்கள். என் கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டுகிறது." பழி சொல்வதற்கு முன், தடம் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சான்று பெற்ற சாலைத் தடங்களை, சக்கரம் சுற்றுவதை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் பொருத்திய சைக்கிளில் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் சைக்கிள் போகும். தடம் தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர். கூட்டத்தோடு வளைவின் வெளிப்பக்கம் ஓடி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, முன்னால் போகிறவரைச் சுற்றிக்கொண்டு ஓடியவர் உண்மையாகவே அதிகம் ஓடியிருக்கிறார். மீதமுள்ள வித்தியாசம்தான் கடிகாரத்தின் கணக்கில் சேரும்.

அந்த மீதம் எங்கிருந்து வருகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதை வைத்தே கடிகாரம் இடத்தைக் கணக்கிடுகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து, சுற்று வழியில் தாமதமாக வந்து சேரும். கடிகாரம் அதை நம்பி உங்களைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இங்கேதான் ஒற்றை அலைவரிசைக் கடிகாரமும் இரட்டை அலைவரிசைக் கடிகாரமும் பிரிகின்றன. ஒற்றை அலைவரிசைக் கடிகாரம் வாங்கும் பழைய எல்1 சமிக்ஞையின் குறியீட்டில் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். இரட்டை அலைவரிசைக் கடிகாரம் கூடவே வாங்கும் எல்5 சமிக்ஞையில் அது 30 மீட்டர்தான். துண்டு சிறிதாக இருப்பதால், நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று பிரித்தறிவது எளிதாகிறது. 2021-இல் வந்த கோரோஸ் வெர்டிக்ஸ் 2, 2022-இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 955, ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா ஆகியவை இரண்டு அலைவரிசைகளையும் வாங்குபவை. கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழும் அவற்றின் தடக்கோடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒழுங்காக இருக்கும். திறந்த வெளியில் ஓடுபவருக்கோ பழைய கடிகாரமே போதும். அங்கே இரட்டை அலைவரிசையால் கூடுதலாகச் செலவாவது பேட்டரிதான்.

காலணியில் மாட்டும் ஃபுட் பாட் செயற்கைக்கோளையே நம்பாமல், பாதத்தின் அசைவிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. சுரங்கப் பாதை, டிரெட்மில் இரண்டிலும் அதற்குத்தான் என் ஓட்டு. இந்த நொடியில் என்ன வேகம் என்று காட்டுவதிலும் அது ஜிபிஎஸ்ஸை முந்துகிறது. 200 மீட்டர் விரட்டலின்போது ஜிபிஎஸ் வேகம் விழித்தெழுவதற்குள் பாதி தூரம் போய்விடும். ஆனால் ஃபுட் பாடை முதலில் அளவு திருத்த வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் திருத்துவதானால் முதல் தடத்தில் ஓடுங்கள்; இரண்டாம் தடத்தின் ஒரு சுற்று 407 மீட்டர்.

இத்தனை பேசினாலும், தூரத்தில் நேரும் பிழை சாதாரண ஓட்டத்தில் ஓரிரு சதவீதம்தான். 10 கிலோமீட்டரில் 100 மீட்டர் கூடியதால் யாருடைய பயிற்சியும் கெட்டதில்லை. இதயத்துடிப்பின் கதை அப்படியல்ல.

ஒருநாள் பேச்சுக்கூடத் தடைபடாத மெதுவான ஓட்டத்தில் என் மணிக்கட்டு 172 காட்டியது. நின்றவுடன் கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன்: 15 விநாடிகளில் 34, அதாவது நிமிடத்துக்கு 136. கடிகாரம் காட்டியது என் இதயத்தை அல்ல, என் காலடிகளை. கடிகாரத்தின் பின்புறத்துப் பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணுவதுதான் மணிக்கட்டு சென்சாரின் வேலை. கை வீசும்போது கடிகாரமும் குலுங்குகிறது, இரத்தமும் அலைகிறது. அந்தக் குலுங்கல் ஒரே சீராக நிமிடத்துக்கு 170 முறை வந்தால், சென்சார் அதையே துடிப்பென்று பிடித்துக்கொள்ளும். 172 என்பது ஓடுகிறவரின் துடிப்பாக இருக்கக்கூடிய எண் என்பதால் சந்தேகமும் வராது. இதை நம்பி, ஏற்கெனவே மெதுவாக ஓடுபவர் இன்னும் வேகத்தைக் குறைப்பார். தூரப் பிழையைவிட எனக்கு இதுவே அதிகம் உறுத்துகிறது.

குளிரில் தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் நிலைமை இன்னும் மோசமாகும். பச்சை குத்திய தோலும் ஒளியைத் தடுக்கும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, நகராதபடி கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மார்புப் பட்டை ஒளியை நம்புவதில்லை. இதயம் எழுப்பும் மின்சமிக்ஞையையே நேரடியாகப் பிடிக்கிறது. போலார் நிறுவனம் 1982-இலேயே கம்பியில்லாத மார்புப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் விளையாட்டில் மற்றக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க மார்புப் பட்டையைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் குறைகள் உண்டு. வியர்வை வருமுன் உலர்ந்த மின்முனைகள் முதல் சில நிமிடங்களுக்குத் தாறுமாறான எண்களைத் தரும். நீரில் நனைத்துக் கட்டினால் சரியாகும். செயற்கை இழைச் சட்டை உரசி எழும் மின்னேற்றமும் கெடுக்கும். நீண்ட ஓட்டத்தில் தோல் உராய்ந்து எரியும். அந்த எரிச்சல் தாங்காதவர்களுக்கு மேற்கையில் கட்டும் ஒளிப் பட்டை இருக்கிறது. தொழில்நுட்பம் மணிக்கட்டினுடையதே என்றாலும், மேற்கையில் சதை அதிகம், குலுங்கல் குறைவு. அதனால் மணிக்கட்டைவிட நன்றாகவே அளக்கும்.

கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, புதிய இரட்டை அலைவரிசைக் கடிகாரமா, பழைய கடிகாரத்தோடு ஒரு மார்புப் பட்டையா என்று கேட்டால், இதயத்துடிப்பைப் பார்த்துப் பயிற்சி செய்கிறவருக்குத் தயங்காமல் பட்டையைச் சொல்வேன். உங்கள் மணிக்கட்டை முதலில் சோதிக்க விரும்பினால், நண்பரிடம் பட்டையை இரவல் வாங்கி, கடிகாரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பத்து நிமிடம் இலகுவாக ஓடிவிட்டு, ஒரு நிமிட விரட்டல், ஒரு நிமிட நடை என ஆறு முறை செய்யுங்கள். பின்பு இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மணிக்கட்டின் மேடுகள் தாமதமாக எழுந்து, உச்சி மழுங்கியிருந்தால் பட்டை வாங்குங்கள். இரண்டும் ஒட்டியே போனால், பட்டையை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.