மலைக் கிராமத்தில் இரண்டு நாள்: வைடா, டெலியா, ஒரே ஜூமா?

மலைக் கிராமம் என்றதும் பையில் முதலில் ஏறுவது வைட் லென்ஸ்தான். கண்முன் விரிந்து கிடப்பதையெல்லாம் ஒரே ஃப்ரேமில் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. பிறகு திரையில் போட்டுப் பார்த்தால் ஊர் இருக்கும், வானம் நிறையவே இருக்கும், மலை மட்டும் தூரத்து வரப்பு மாதிரிப் படுத்துக் கிடக்கும்.

கோளாறு லென்ஸில் இல்லை, நின்ற இடத்தில். ஒரு வீடு, அதற்கு 3 கி.மீ. பின்னால் மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து 50 மீட்டரில் நின்று 20 மி.மீ. வைடில் ஒரு படம் (மி.மீ. எண் கூடக் கூட லென்ஸ் தூரத்தை நெருக்கிக் காட்டும்). 300 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கி 120 மி.மீ. டெலியில் இன்னொன்று. இரண்டிலும் வீடு ஒரே அளவுதான். மலையோ இரண்டாவது படத்தில் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். வீட்டின் தூரம் ஆறு மடங்கானது. மலையின் தூரமோ 3,050 மீட்டரிலிருந்து 3,300 ஆனது, அவ்வளவுதான். கூரைக்கு மேல் சிகரம் கவிந்து நிற்கும் படங்களெல்லாம் இந்தக் கணக்கில் பிறந்தவை.

ஆகவே இரண்டே நாள், இரண்டில் ஒரு லென்ஸ் என்றால் எங்கள் ஓட்டு 70-200 மி.மீ. டெலி ஜூமுக்கு. எஃப் 2.8 (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது) வேண்டாம், அது பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். எப்படியும் எஃப் 8இல்தான் எடுக்கப் போகிறோம். எஃப் 4 வகை பெரும்பாலும் 700 முதல் 850 கிராமுக்குள் அடங்கிவிடும். கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு 55-200 போன்ற மலிவான ஜூமே தாராளம்.

ஆனால் டெலி எடுத்துக்கொண்டு ஊருக்குள் அறை போட்டால் பாதி வீண். ஊருக்குள் இருந்து பார்த்தால் ஊர் தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். எதிர்ச்சரிவில் தங்க இடம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் ஊருக்குத் தெற்கிலோ வடக்கிலோ உள்ள சரிவு என்றால் காலை, மாலை இரண்டு வேளையும் ஒளி பக்கவாட்டில் விழும், ஒவ்வொரு கூரைக்கும் நிழல் கிடைக்கும். அடிவார நகரத்தில் தங்கி விடிகாலையில் ஏறுவது மூன்றாவது வழி. செலவு குறையலாம், ஆனால் மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே நல்ல வெளிச்சம் போய்விடும்.

வெளிச்சம் எப்போது வரும் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். செயலி காட்டும் உதய நேரம் சமவெளிக்கானது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது சுமார் 10 டிகிரி. சூரியன் எட்டிப்பார்க்கப்போகும் இடத்தில் முகடு இரண்டு முஷ்டி உயரம் என்றால், மணிக்கு 15 டிகிரி கணக்கில், ஊரில் வெயில் விழ உதயத்துக்குப் பின் குறைந்தது 80 நிமிடம் ஆகும். மாலையிலும் இதே கதைதான், மேற்கு முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே இருட்டிவிடும்.

டெலியின் பலவீனங்களும் சின்னவை அல்ல. வெயில் ஏறியதும் தூரத்துக் கூரைகளுக்கு மேல் காற்று நெளியும். அப்போது ட்ரைபாட், விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் உதவாது, படம் மெழுகு உருகின மாதிரிதான் வரும். புகைமூட்டத்தை மென்பொருளில் விலக்கலாம். ரொம்ப இழுத்தால் வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். கையில் பிடித்து 200 மி.மீ.யில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/200 வினாடிக்குக் கீழே இறங்கக் கூடாது, கிராப் சென்சாரில் 1/300. ட்ரைபாடில் வைத்தால் லென்ஸின் காலரில் (லென்ஸைச் சுற்றியுள்ள பிடிவளையத்தில்) பொருத்துங்கள். கனத்துக்காகப் பையைத் தொங்கவிடுவதானால் அடிப்பாகம் தரையைத் தொடட்டும். அந்தரத்தில் ஆடும் பை காற்றைவிட மோசம்.

வைட் எங்கே ஜெயிக்கிறது? குறுகிய சந்து, வீட்டின் உட்புறம், பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி. மூடுபனியில் கேமரா தானாகச் சாம்பல் நிறமாக்கும், ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் இரவு. 500ஐ மி.மீ.யால் வகுக்கும் பழைய கணக்கில் 20 மி.மீ.க்கு 25 வினாடி, 70 மி.மீ.க்கு ஏழுதான், இன்றைய நுணுக்கமான சென்சார்களில் இன்னும் குறைத்தால்தான் நட்சத்திரம் கோடாகாது. நிலவில்லாத வார இறுதி என்றால் வைட் கூடவே வரட்டும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரை மட்டும் அதில் மாட்ட வேண்டாம், வானம் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்துப் போகும்.

ஒரே 24-105 மி.மீ. ஜூம் போதுமா? குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், சாரலில் லென்ஸ் மாற்றப் பயப்படுகிறவர்களுக்கும் போதும். இழப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் சரி: 105இல் எடுத்ததை 200இன் சட்டகத்துக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது சுமார் 6.6. செல்போன் திரைக்குக் குறையில்லை. 10 அங்குலத்துக்கு மேல் பிரிண்ட் போட்டால் தெரியத் தொடங்கும்.

எந்த லென்ஸானாலும், குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன் வெளியிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. இதில் டெலிதான் மோசம். கண்ணாடியும் உலோகமும் அதிகம், அறைச் சூட்டுக்கு வர நேரமெடுக்கும். மெமரி கார்டை மூடும் முன்பே கழற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆசையில் பத்து நிமிடத்தில் பையைப் பிரித்துவிடுவீர்கள்.