ரீவா அக்வாரமா: வாங்கும் முன் குரோமுக்கு அடியில் பாருங்கள்

இத்தாலியின் இசேயோ ஏரிக்கரைச் சார்னிக்கோவில் கார்லோ ரீவாவின் பட்டறை 1962-ல் இறக்கிய மகோகனி மரப் படகு இது. 1996 வரை தயாரானது. மத்தியதரைக் கடலோரத்தில் இன்றும் இதற்குத் தனி மவுசு.

பின்பக்க மெத்தைக்கு அடியில் இரண்டு வி8 பெட்ரோல் இன்ஜின்கள். ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இயக்கினால், நெருக்கமான துறைமுகத்திலும் நின்ற இடத்திலேயே திரும்பும். காலை நேரத் தட்டைக் கடலில் ஓட்டம் வெண்ணெய். மதியக் காற்றில் நெருக்கமான அலை எழுந்தால் தூக்கிப் போடும், நனையாமல் கரை சேர்வது கஷ்டம்.

உண்மையான செலவு வார்னிஷில்தான். பல அடுக்குப் பூச்சு இருந்தும் வெயில் அதைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உப்பு காயும் முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். நிறுத்தும்போது உறை கட்டாயம்.

பழைய படகு பார்க்கப் போனால் பளபளப்பில் மயங்காதீர்கள். குரோம் கொக்கிகளின் திருகு ஓட்டை வழியே நீர் இறங்கி, சுற்றிலும் மரம் கறுத்திருக்கும். மேலே வார்னிஷ் அடித்தால் அது போகாது. மரம் வரை சுரண்டியாக வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும். சாவியைத் திருப்பும் முன் நாலைந்து நிமிடம் ப்ளோயர், அதாவது ஆவியை வெளியேற்றும் விசிறி, ஓடட்டும். இன்ஜின் அறை மூடியைத் திறந்து மோந்தும் பாருங்கள்.