மருத்துவமனைப் பதிவேடா, மக்கள்தொகைப் பதிவேடா?

மார்த்தாண்டத்தில் வசிக்கும் ஒருவர், 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெற்றால், அம்மருத்துவமனையின் பதிவேடு அவரைத் தன் நோயாளியாகக் கணக்கிடும்; ஒரு பகுதியில் வசிப்போரின் புற்றுநோயைப் பதியும் மக்கள்தொகைப் பதிவேடோ, நோய் கண்டறியப்படுவதற்கு முன் ஓராண்டேனும் அவர் வசித்த ஊரைப் பார்த்து, கன்னியாகுமரி மாவட்டக் கணக்கில் சேர்க்கும். மணவாளக்குறிச்சியின் இயற்கைக் கதிரியக்கம் கொண்ட மோனசைட் மணலைச் சுட்டி எழும் ‘இங்கே புற்றுநோய் அதிகமா’ என்ற கேள்விக்குப் பின்னதைக் கொண்டே விடை தேட இயலும்.

மருத்துவமனைப் பதிவேட்டின் வலிமை வேறு: திசுப் பரிசோதனை முடிவு, நோயின் நிலை, அளித்த சிகிச்சை, மறுபரிசோதனைக்கு வந்தாரா, உயிருடன் இருக்கிறாரா என்பதுவரை ஒவ்வொருவரையும் அது தொடர்கிறது. வராதவரைத் தொலைபேசியிலும் கடிதத்திலும் தேடுவர். மாநில எல்லைக்கு இப்பால் இருப்பவர் கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டால் அது எளிதன்று. தொடர்பற்றுப்போனவர்களை நலமாக இருப்பதாகக் கொண்டால் உயிர்வாழ்வு விகிதம் மிகைப்பட்டுவிடும் என்பதால், எந்த மருத்துவமனை அறிக்கையிலும் பின்தொடர்தல் விகிதத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.