கோயில் வாசலில் குடும்பத்தோடு நிற்கும் ‘ஹவுஸ் ஓனர்’ டிபி: 18,500 ரூபாய் போச்சு

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பாண்டியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் பணம் போடுங்கள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்து உஷாராக இருக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கடலூர், திருப்பாதிரிப்புலியூர். பெண்ணுக்குப் பாண்டியில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஆனால் ஷிஃப்ட் முடிய ராத்திரி ஆகிவிடும் என்பதால், லாசுப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு வீடு பிடித்து, என் மாமியாரைத் துணைக்கு வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பழைய பைக், சோபா, வாடகை வீடு என்று எல்லா விளம்பரமும் வரும் செயலி வகை உண்டே, அதில் ஒன்றில்தான் பார்த்தேன். நாவற்குளத்தில் மாடி போர்ஷன், ஒரு பெட்ரூம், தனி மீட்டர், வாடகை 8,500. புரோக்கர் கிடையாது, ஓனரே நேரடியாகப் பேசுவார் என்று போட்டிருந்தது.

வாட்ஸப்பில் வந்தான். அந்த டிபியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பணத்தைப் பிடுங்கியது அந்தப் படம்தான். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம், பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் அரக்குக் கலர் பட்டுப்புடவையில் மனைவி. அந்தம்மா இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. காதில் புதுக் கம்மல், காது மடல் சிவந்து வீங்கியிருப்பதுகூடத் தெரிகிறது. பின்னால் கோபுரத்தின் அடிப்பகுதி. என் மனைவி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இவங்க வீடுன்னா பொண்ணைத் தைரியமா விடலாம்ங்க” என்றாள். போனில் பேசும்போது குழந்தையைப் பற்றி விசாரித்தேன். “பேத்தி சார். போன மாசம்தான் மொட்டை போட்டுக் காது குத்தினோம், ஒரே அழுகை” என்று சிரித்தான். அதற்கு மேல் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

கேள்வி கேட்டதெல்லாம் அவன்தான். எத்தனை பேர் இருப்பீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டலாம், வீட்டில் மீன் சமைப்பீர்களா. கடலூர்க்காரனிடம் மீன் சமைப்பீர்களா என்று கேட்கிறவன் அசல் ஹவுஸ் ஓனராகத்தானே இருக்க வேண்டும்! அதோடு விடவில்லை. “உங்க டிபியில வெறும் செம்பருத்திப் பூ இருக்கு சார். யாரு என்னன்னு தெரியாம எப்படி வீடு விடுறது? குடும்பப் படம் ஒண்ணு அனுப்புங்க, ஆதாரும் போட்டுவிடுங்க” என்றான். மைத்துனர் கல்யாணத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்று எடுத்த படத்தை அனுப்பினேன். “நல்ல குடும்பமா தெரியுது” என்று சர்டிஃபிகேட் வேறு கொடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனோம். வீடு இருந்தது. வெளிர் பச்சைச் சுவர், மாடியில் கிரில், கேட்டை ஒட்டி வேப்பமரம், எல்லாம் விளம்பரத்தில் பார்த்தது அப்படியே. கேட் பூட்டியிருந்தது. “குடியிருக்கிறவங்க ஊருக்குப் போயிருக்காங்க சார், மாசக் கடைசியில காலி பண்றாங்க. உள்ளே வீடியோ அனுப்புறேன் பாருங்க. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க, உங்க குடும்பத்தைப் பார்த்ததால உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்” என்றான். அந்த கேட் முன்னால் நின்றபடியே டோக்கன் 5,000 போட்டேன். மறுநாள் அக்ரிமெண்ட் செலவு, அட்வான்ஸில் ஒரு பகுதி என்று 13,500. பணம் போடும்போது திரையில் வேறு ஒருத்தர் பெயர் வந்தது, கேட்டேன். “மச்சான் அக்கவுண்ட் சார், என்னோடதுல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு” என்று பட்டென்று பதில். ஆக மொத்தம் 18,500.

அப்புறம் ஆரம்பித்தது சாக்கு. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சாவி தம்பியிடம் இருக்கிறது, தம்பி சேலத்தில் இருக்கிறான். கடைசியாக, “ஆடி பொறந்துடுச்சே சார், ஆடியில குடி போவாங்களா? ஆவணி முதல் முகூர்த்தத்துல பால் காய்ச்சிக்குங்க” என்றான். என் மாமியாருக்கு அவன்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிப்போனது. ஆடி சென்டிமெண்ட் எதற்கு என்று இப்போது புரிகிறது. நாங்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிப் போய்விட்டது.

ஆவணி பிறந்தது. போன் எடுக்கவில்லை. டிபியில் கோபுரம், பட்டுப்புடவை, பேத்தி எல்லாம் காணாமல் போய் வெறும் சாம்பல் நிற ஆள் உருவம். பெண்ணின் போனில் அதே நம்பரைப் போட்டுப் பார்த்தால் குடும்பம் அப்படியே நிற்கிறது! என்னை மட்டும் பிளாக் செய்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கடை திறந்து வைத்திருக்கிறான்.

வீட்டுக்குப் போனோம். கீழ் வீட்டு அம்மா எங்களைப் பார்த்ததுமே, “வாடகைக்குன்னு வந்தீங்களா? உங்களுக்கு முன்னாடியே ரெண்டு குடும்பம் வந்து நின்னு அழுதுட்டுப் போச்சுங்க” என்றார். மாடி காலியே இல்லை. எப்போதோ அசல் ஓனர் போட்ட பழைய விளம்பரத்தின் படங்களை எடுத்து ஓட்டியிருக்கிறான்.

செயலிக்காரர்களிடம் போனால் ஆளே கிடையாது, சாட் பெட்டிதான். “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்.” திரும்பக் கேட்டால், பணப் பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்ததால் பொறுப்பேற்க இயலாது. அந்த விளம்பரத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று டிக் போட்டிருந்தீர்களே என்றால், சரிபார்த்தது போன் நம்பரை மட்டுமாம். விளம்பரம் இதை எழுதும்வரை அங்கேயேதான் இருக்கிறது. பேங்கில், “பின் நம்பர் நீங்களேதானே சார் போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். 18,500 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

பெண்தான் அந்த டிபியை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினாள். ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பழைய ஆல்பத்தில் முழுப் படமும் கிடைத்தது. வேறு மாவட்டம், 2017-ல் போட்டது. “போன மாசம் மொட்டை போட்ட” பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். படத்தில் இருக்கும் மனிதருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. என் உறவுக்காரப் பையன் அந்தப் படத்தை “திருடன்” என்று எழுதிப் பரப்பக் கிளம்பினான், தடுத்துவிட்டேன். திருடன் வேறு, படத்தில் இருப்பவர் வேறு.

நாங்கள் என்ன விவரம் இல்லாதவர்களா என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2006-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடோரோவ் என்ற இருவர் செய்த ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே இவரை நம்பலாமா கூடாதா என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்களாம். அதிக நேரம் காட்டினாலும் முடிவு பெரிதாக மாறவில்லை, தங்கள் முடிவின்மேல் உறுதிதான் ஏறியதாம். என் மனைவி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் நடந்தது அதுதான். அந்தப் படுபாவிக்கு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது, ஆனால் பெண்ணைப் பெற்றவன் வீட்டு ஓனரிடம் எதைத் தேடுவான் என்று தெரிந்திருக்கிறது. விபூதி, பட்டு, பேத்தி, கோபுரம். இதே ஆள் பைக் விற்கும்போது ராணுவ யூனிஃபார்ம் படம் போட்டிருப்பான்.

உறவினர்கள், “பாண்டி விவகாரம், கடலூரில் புகார் எடுக்க மாட்டாங்க” என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். கேட்காதீர்கள். 1930 என்ற எண்ணிலும், சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் எந்த ஊரிலிருந்தும் புகார் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஆன்லைனில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆள் கிடைத்தால்தானே!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பூட்டிய கேட் முன்னால் நின்று ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பணம் போடும்போது வரும் பெயரும் ஆள் சொன்ன பெயரும் வேறாக இருந்தால் மச்சான், மாமன் கதை எதையும் கேட்காதீர்கள். டிபியை லென்ஸில் போட்டுப் பாருங்கள், ஆனால் எதுவும் சிக்கவில்லை என்றால் நல்லவன் என்று அர்த்தமில்லை. இல்லாத மனிதர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரே இப்போது செய்து தருகிறது. பணம் போனால் அன்றைக்கே 1930. ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்.

என் தூக்கத்தைக் கெடுப்பது 18,500-ஐவிட அவனிடம் சிக்கியிருக்கும் எங்கள் படம். நீலச் சட்டையில் வழுக்கைத் தலையோடு நான், மாம்பழக் கலர் புடவையில் மனைவி, நடுவில் பெண், பின்னால் வாழைமரம் கட்டிய கல்யாண மண்டப வாசல். இந்தப் படத்தை டிபியாக வைத்துக்கொண்டு யாராவது வீட்டு ஓனர் என்று அட்வான்ஸ் கேட்டால் அது நாங்கள் இல்லை. நாங்களே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.